மோலே தேசியப் பூங்காவின் நடைச் சஃபாரி: நான்கு நாள் அனுபவமும் மதிப்பீடும்

கானாவின் வடக்கே சவன்னா மாநிலத்தில் இருக்கும் மோலே தேசியப் பூங்காவில், துப்பாக்கி ஏந்திய வனக் காவலர் ஒருவரின் பின்னால் வரிசையாகக் காட்டுக்குள் நடந்து சென்று விலங்குகளைப் பார்க்கும் சேவை ஒன்று உண்டு. காலை ஏழு மணிக்கு ஒன்று, பிற்பகல் மூன்றரைக்கு ஒன்று என நாளுக்கு இரண்டு நடைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். சென்ற பிப்ரவரிக் கடைசியில் நான்கு நாள் அங்கே தங்கி, அந்த நடையை மூன்று முறையும், ஜீப் சுற்றை இரண்டு முறையும் பயன்படுத்திப் பார்த்தேன். ஆறு ஆண்டுகளாக அக்ராவில் வேலை பார்த்துக்கொண்டு, அடுத்த விடுமுறைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பயணம் இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நடைக்கு ஐந்துக்கு ஐந்து, ஜீப்புக்கு மூன்று. மோலேயில் நம் காசுக்கு ஈடாகக் கிடைப்பது நடைதான். மற்றவை எல்லாம் அதற்குத் துணை.

மேற்கு ஆப்பிரிக்க சவன்னா என்றதும் நம்மில் பலருக்குத் தொலைக்காட்சியில் பார்த்த செரெங்கெட்டி நினைவுக்கு வந்துவிடுகிறது: கண்ணுக்கெட்டிய மட்டும் புல்வெளி, குடைபோல் விரிந்த ஒற்றை வேலமரம், புழுதி கிளப்பி ஓடும் ஆயிரக்கணக்கான விலங்குகள். அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மோலேக்கு வருபவர் ஏமாந்துதான் திரும்புவார். இங்கே இருப்பது மரங்கள் நெருங்கி நிற்கும் சவன்னா. மழைக்காலத்தில் புல் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்துவிடும். அப்போது பத்தடி தள்ளி ஒரு மான் படுத்திருந்தாலும் தெரியாது. நவம்பரில் மழை ஓய்ந்து புல் காயத் தொடங்கியதும் வனத்துறையினரே பகுதி பகுதியாக அதற்குத் தீ வைக்கிறார்கள். இது முதலில் எனக்கு அதிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் தண்டில் ஈரம் மிச்சமிருக்கும்போது வைக்கப்படும் தீ தாழ்ந்து எரிந்து, திட்டுத்திட்டாகப் புல்லை விட்டுவைத்து அணைந்துவிடும். அப்படியே விட்டுவிட்டால், மார்ச் மாதத்தில் யாரோ அணைக்காமல் விட்ட அடுப்பு நெருப்பிலிருந்து கிளம்பும் தீ மரங்களையே கருக்கிவிடும். எரிந்த கரியின் நடுவே சில நாட்களில் தளிர்க்கும் இளம்புல்லைத் தேடித்தான் கோப் மான்கள் கூட்டமாக வருகின்றன. நடை போகும் வழியில் இடப்புறம் கரிந்த நிலமும் அதில் பச்சை ஊசிகளும், வலப்புறம் இன்னும் எரியாத பொன்னிறப் புல்லும் இருந்த ஓரிடத்தில், மான்கள் அத்தனையும் இடப்புறத்தில்தான் நின்றன.

பூங்காவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1958இல் வனவிலங்குக் காப்பிடமாக ஒதுக்கப்பட்டு, உள்ளே இருந்த சிறு மக்கள்தொகை வெளியேற்றப்பட்டபின் 1971இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 4,500 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு. கானாவின் பூங்காக்களில் இதுவே பெரியது. தொண்ணூற்றுக்கு மேற்பட்ட பாலூட்டி வகைகளும் முந்நூற்றுக்கு மேற்பட்ட பறவை வகைகளும் இங்கே பதிவாகியிருக்கின்றன. ஆனால் சிங்கம் பார்க்கும் ஆசையோடு யாரும் வர வேண்டாம். மேற்கு ஆப்பிரிக்கா முழுவதிலும் ஏறத்தாழ 400 சிங்கங்களே எஞ்சியிருப்பதாக 2014இல் வெளிவந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பாலானவை பெனின், புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய மூன்று நாடுகளின் எல்லை கூடும் காட்டில் வாழ்பவை. அந்தக் காட்டின் பெனின் பக்கத்துப் பெஞ்சாரிப் பூங்கா ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தின் தலைசிறந்த சஃபாரியாகக் கருதப்பட்டது. 2019இல் இரண்டு சுற்றுலாப் பயணிகள் அங்கே கடத்தப்பட்டு, அவர்களுடைய வழிகாட்டி கொல்லப்பட்டபின், விவரம் அறிந்தவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. ஆகவே மேற்கு ஆப்பிரிக்க சவன்னாவை அச்சமின்றிப் பார்க்க விரும்புவோருக்கு இன்று மோலேயை விட்டால் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய இடங்களே உள்ளன.

இனி நடைக்கு வருகிறேன். காலை ஆறேமுக்காலுக்கே பூங்கா அலுவலகத்தின் முன் கூடிவிட வேண்டும். கட்டணம் ஆளுக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று கானா நாணயமான ‘செடி’யில் வாங்குகிறார்கள். வெளிநாட்டவருக்கு ஒரு விலை, கானா மக்களுக்கு ஒரு விலை. செருப்போடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பி, முழங்கால் வரை ஏறும் ரப்பர் பூட்ஸை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். பாம்பு, முள், சேறு என்று அதற்குக் காரணம் மூன்று. புறப்படுமுன் காவலர் எங்கள் ஒவ்வொருவரின் உடையையும் ஏற இறங்கப் பார்த்தார். கருநீலச் சட்டை அணிந்திருந்த என் நண்பரிடம், அதற்கு மேல் வேறு ஏதாவது போட்டுக்கொள்வது நல்லது என்றார். நீலமும் கறுப்பும் ட்ஸெட்ஸி ஈயை ஈர்க்கும் நிறங்கள். அந்த ஈயைப் பிடிக்கும் பொறிகளைக்கூட நீலத் துணியிலும் கறுப்புத் துணியிலும்தான் தைக்கிறார்கள். நண்பர் சிரித்துவிட்டு அப்படியே வந்தார். இரண்டு மணி நேரம் கழித்து அவருடைய முதுகில் சட்டைக்கு மேலாகவே ஐந்து கடிகள். ஊசி குத்தியதுபோல் சுருக்கென்றிருந்ததாம்.

காவலரின் தொழில் நேர்த்தியை நான் கண்டுகொண்டது யானையைப் பார்ப்பதற்கு முன்பே. நூறு அடிக்கு ஒரு முறை குனிந்து ஒரு பிடி புழுதியை அள்ளி, இடுப்பளவு உயரத்திலிருந்து மெல்ல உதிர்ப்பார். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ, அதற்கேற்ப எங்கள் வழியை மாற்றுவார். யானைக்குக் கண் மந்தம், மூக்கோ அபாரம் என்பதை எல்லாரும் படித்திருப்போம். அந்தப் படிப்பை வைத்து ஒருவர் நடந்து காட்டுவதைப் பார்ப்பது வேறு. ஓரிடத்தில் கிடந்த யானை லத்தியைப் பூட்ஸ் முனையால் பிளந்து, உள்ளே கைவைத்துச் சூடு பார்த்தார். பிறகு அதிலிருந்து செரிக்காத கொட்டைகள் நான்கைப் பொறுக்கி எங்கள் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றில் நகக்கண் அளவு வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. "முக்கால் மணி நேரம் இருக்கும். மூன்று பேர் போயிருக்கிறார்கள்" என்றார். யானைகளை அவர் எப்போதும் ‘பேர்’ என்றே சொன்னார்.

மூன்றும் குன்றின் கீழே உள்ள நீர்நிலையில் நின்றன, மூன்றும் ஆண்கள். அலுவலகத்தை ஒட்டிய நீர்நிலைகளுக்கு வறண்ட பருவத்தில் வருபவை பெரும்பாலும் களிறுகளே என்றும், குட்டிகளோடு பிடிகள் சேர்ந்த கூட்டங்கள் பூங்காவின் உட்பகுதியில்தான் இருக்கும் என்றும் காவலர் சொன்னார். நாங்கள் நின்றது நாற்பது ஐம்பது அடி தொலைவில், ஒரு பாறைக்குப் பின்னால். கோயில் யானையைப் பக்கத்தில் பார்த்து வளர்ந்த நமக்கு யானை புதிதல்ல என்று ஒரு நினைப்பு இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் சங்கிலியோ பாகனோ இல்லாத ஒரு விலங்கு, நமக்கும் தனக்கும் நடுவே வேலி எதுவும் இல்லாத இடத்தில், தன் போக்கில் குளித்துக்கொண்டிருப்பதைக் கால் தரையில் ஊன்றி நின்று பார்க்கும்போது தொண்டை வறண்டுபோகிறது. நீர் மட்டத்துக்குக் கீழே இருந்த தோல் கறுப்பாகவும், மேலே காய்ந்திருந்த தோல் மோலேயின் செம்மண் நிறத்திலும் இருந்ததால், ஒவ்வொரு யானையும் இரண்டு துண்டுகளை ஒட்டிவைத்ததுபோல் தெரிந்தது. நம் யானையின் துதிக்கை நுனியில் விரல் போன்ற மடல் ஒன்றுதான். ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. இதைப் படத்தில் பல முறை பார்த்திருக்கிறேன். அன்று ஒரு களிறு கரையோரம் கிடந்த மெல்லிய குச்சியை அந்த இரண்டு விரல்களுக்கிடையே சிட்டிகை போட்டு எடுத்து, காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டபோதுதான் அந்த இரண்டாம் விரலின் பயன் எனக்கு விளங்கியது. அதே நீரில் இரண்டு முதலைகள் மரக்கட்டைபோல் மிதந்தன. யானைகள் அவற்றைச் சட்டைசெய்யவே இல்லை.

எங்கள் குழுவில் இருந்த ஓர் ஐரோப்பிய இளைஞர் இன்னும் பத்தடி முன்னால் போய்ப் படம் எடுக்கலாமா என்று கேட்டார். காவலர் வாய் திறக்கவில்லை; ஒரு களிற்றின் காதுகளைக் கையால் காட்டினார். அதுவரை விசிறிபோல் ஆடிக்கொண்டிருந்த காதுகள் அசையாமல் விரிந்து நின்றன. ஏழெட்டு நொடிகள்தான். பிறகு காது மறுபடியும் ஆடத் தொடங்கியது. இளைஞர் கேமராவைத் தாழ்த்திக்கொண்டார். இந்தச் சேவையில் நாம் விலை கொடுத்து வாங்குவது துப்பாக்கியின் காவலை அன்று. அந்த ஏழெட்டு நொடிகளை வாசிக்கத் தெரிந்த கண்ணை. துப்பாக்கி அவர் தோளை விட்டு ஒருமுறைகூட இறங்கவில்லை.

ஆப்பிரிக்க யானையை ஒரே இனமாகக் கருதி வந்த பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், 2021 மார்ச்சில் சவன்னா யானை, வன யானை என இரண்டாகப் பிரித்து மதிப்பிட்டு, முன்னதை அழியும் நிலையில் உள்ளது என்றும் பின்னதை மிகவும் அழியும் நிலையில் உள்ளது என்றும் அறிவித்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் யானைகள் வாழ்வது ஒன்றோடொன்று தொடர்பற்ற சிறு சிறு காட்டுத் துண்டுகளில். அதை அறிந்தபின் பார்த்தால், அந்த மூன்று களிறுகளைப் பார்த்தபடி நின்ற அரைமணி நேரம் இன்னும் கனக்கிறது.

மற்ற விலங்குகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. வார்ட்ஹாக் என்னும் மருமுகப் பன்றிகள் விடுதி முற்றத்திலேயே மேய்கின்றன. முன்னங்கால்களை மடக்கி, முட்டி போட்டபடி நகர்ந்து நகர்ந்து புல்லைக் கொறிக்கும் அவற்றின் முட்டிகளில் பிறவியிலேயே தோல் தடித்திருக்கும். புஷ்பக் மானின் பழுப்பு உடலில் யாரோ சுண்ணாம்பில் தூரிகை தொட்டு உதறியதுபோல் வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும். வாட்டர்பக் நின்றுவிட்டுப் போன இடத்தில் எண்ணெய்ச் சிக்கு வாடை வெகுநேரம் தங்கியிருந்தது. இரண்டாம் நாள் மாலை நடையில் பட்டாஸ் குரங்குகளைக் கண்டோம்: செம்பட்டை நிறம், வெள்ளை மீசை, நாய்போல் நீண்ட கால்கள். குரங்கினங்களிலேயே வேகமாக ஓடக்கூடியது இதுதான். மணிக்கு 55 கிலோமீட்டர் என்கிறார்கள். நாங்கள் கண்டவை ஓடவில்லை. ஒரு கரையான் புற்றின் மேல் ஏறி நின்று, கண்ணுக்கு மேல் கைவைக்காத குறையாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

மூன்றாம் நடையை மரங்களுக்கும் பறவைகளுக்கும் என்று தனியாகக் கேட்டு வாங்கினோம். இதை வாசகர்களுக்கு வற்புறுத்திச் சொல்கிறேன். பொது நடையில் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் யானைக்காகவே வருகிறார்கள். அவர்களோடு போனால் கால் போகும் வழி யானையை நோக்கித்தான் போகும். உங்களுக்குப் பறவைதான் வேண்டும் என்றால், முதல் நாளே அலுவலகத்தில் சொல்லி, பறவைகளை அறிந்த காவலரைக் கேட்டு, தனி நடையாகப் பேசிக்கொள்ளுங்கள். செலவு சற்றுக் கூடும், கூடினால் கூடட்டும்.

எனக்கு வியப்பு மரங்களில் தொடங்கியது. நீர்நிலையை நோக்கி இறங்கும் சரிவில் ஒரு மரத்தடியில் காவலர் நின்று, கீழே கிடந்த காய் ஒன்றை எடுத்து உடைத்து நீட்டினார். புளி. நாக்கில் வைக்கும் முன்பே வாயில் நீர் ஊறிவிட்டது. ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை என்று அரபியர் இட்ட பெயரே ஐரோப்பிய மொழிகளுக்கும் தாவரவியலுக்கும் போய்விட்டதால், புளியின் தாயகம் நம் நாடுதான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது வெப்பமண்டல ஆப்பிரிக்காவில் தோன்றி, மிகப் பழைய காலத்திலேயே நம் பக்கம் வந்து சேர்ந்த மரம். ரசத்துக்குக் கரைக்கும் புளியின் பிறந்தவீட்டு வாசலில் நின்றுகொண்டு, அதை எனக்கு ஓர் அந்நியப் பழமாக ஒருவர் அறிமுகம் செய்துவைத்தது வேடிக்கையாக இருந்தது. வேம்பின் கதை இதற்கு நேர் எதிர். வட கானாவின் ஊர்கள்தோறும் நிழல் தரும் வேப்பமரங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்தவை. ஆற்றுப்படுகைகளில் நிற்கும் ஆப்பிரிக்கப் பனையோ நம் பனைக்குப் பங்காளி: அதே விசிறி ஓலை, அதே கருக்கு மட்டை, ஆனால் உடல் நடுவுக்கு மேல் சற்றே புடைத்திருக்கும், பழம் பழுத்தால் கறுக்காமல் மஞ்சளாகும்.

இந்த சவன்னாவுக்கே உரிய மரங்கள் என்றால் ஷியாவும் டாவாடாவாவும்தான். ஷியாவின் பட்டை முதலையின் முதுகுபோல் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். அதன் கொட்டையிலிருந்து எடுக்கும் வெண்ணெய்தான் இன்று உலகெங்கும் முகப்பூச்சுகளில் சேர்கிறது. வட கானாவின் பெண்களுக்கு அது சமையல் கொழுப்பு, தலைக்கு எண்ணெய், கைச்செலவுக்கு வருமானம். நாங்கள் போனபோது டாவாடாவா பூத்திருந்தது. இலையுதிர்த்த கிளைகளிலிருந்து நீண்ட காம்புகளில் சிவப்புப் பந்துகளைக் கட்டித் தொங்கவிட்டதுபோன்ற பூக்கள். இரவில் வௌவால்கள் வந்து தேன் குடித்து மகரந்தம் பரப்புகின்றன. அதன் விதையை வேகவைத்து, நொதிக்கவைத்து, உருண்டை பிடித்துக் குழம்பில் போடுவார்கள். வாடை முதலில் முகம் சுளிக்க வைக்கும்; கருவாட்டுக் குழம்பு தின்று வளர்ந்தவர்கள் இரண்டாம் வாய்க்குள் சமாதானமாகிவிடுவார்கள்.

பேபாப் என்னும் பெருக்க மரத்தைக் கண்டது பூங்காவுக்கு வெளியே, வாயிலை ஒட்டிய லாராபங்கா ஊரில். மண்ணும் கழிகளும் கொண்டு எழுப்பி வெள்ளை பூசிய, 1421இல் கட்டப்பட்டதாக ஊரார் சொல்லும் பழம்பெரும் பள்ளிவாசல் ஒன்று அங்கே இருக்கிறது. அதைக் கட்டியவர் அடக்கமாகியிருப்பதாகச் சொல்லப்படும் இடத்தில், பள்ளிவாசலை ஒட்டியே, பருத்த பேபாப் மரம் ஒன்று நிற்கிறது. என்னோடு வந்த நண்பர் மன்னாரில் பிறந்தவர். மரத்தைக் கண்டதும் நின்றுவிட்டார். "அண்ணை, இது எங்கட பள்ளிமுனைப் பெருக்க மரமெல்லோ!" என்றார். அரபு வணிகர்கள் ஒட்டகத் தீவனத்துக்காகக் கொண்டுவந்து நட்டதாக மன்னாரில் சொல்லப்படும் அந்த மரத்தின் சொந்த ஊருக்கு வந்திருக்கிறோம் என்று அவருக்கு விளங்கியபின், அடிமரத்தில் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் பேசாமல் நின்றார். ட்ஸெட்ஸிக் கடியைக்கூட அன்று மறந்துவிட்டார்.

பறவைகளில் பாதி நமக்குத் தெரிந்தவை. வல்லூறு, கொண்டலாத்தி, கழுத்தில் செந்தார் அணிந்த பச்சைக்கிளி ஆகிய மூன்றும் நம் ஊரில் உள்ள அதே இனங்கள். கின்னிக்கோழி என்று நாம் வளர்க்கிறோமே, அதன் காட்டு மூதாதைகள் இங்கே இருபது முப்பதாகக் கூடி, சருகைச் சீய்த்துக்கொண்டு திரிகின்றன. பெயரில் இருக்கும் கினி இந்தக் கரைதான். தெரியாத மறுபாதியில் மூன்றை மட்டும் சொல்கிறேன். ஊதா டுராக்கோ கிளையில் அமர்ந்திருக்கும்போது கருநீல நிழலாகத்தான் தெரியும். சிறகை விரித்தால் குங்குமச் சிவப்பு. அந்தச் சிவப்பு, செம்பு கலந்த ஒரு நிறமியால் வருவது. டுராக்கோ குடும்பத்துக்கு வெளியே எந்தப் பறவைக்கும் அது இல்லை. செந்தொண்டைப் பஞ்சுருட்டான்கள் ஓர் ஓடைக்கரையின் செங்குத்துச் சுவரில் பொந்து குடைந்து குடியிருந்தன. ஒரு பறவை தும்பியைப் பிடித்து வந்து கிளையில் நாலு அடி அடித்துவிட்டுப் பொந்துக்குள் நுழைந்ததை இருபது அடியில் நின்று பார்த்தோம். தரை இருவாச்சி மூன்றாவது. நம் மலைகளில் உச்சிக் கிளைகளில் வாழும் இருவாச்சியை அறிந்தவர்களுக்கு, ஒரு மீட்டர் உயரத்தில், கறுத்த உடலும் நீலம் பூத்த கண்ணோரமும் ஆணுக்கு மட்டும் சிவந்த தொண்டைப் பையுமாக, இரண்டு பெரியவர்கள் வரப்பில் பேசிக்கொண்டு நடப்பதுபோல் எரிந்த புல்வெளியில் நடந்துபோகும் இந்த இணையைப் பார்ப்பது பெரிய விருந்து.

ஜீப்பை முழுவதும் குறை சொல்லிவிட முடியாது. அது இல்லாமல் அந்தி நேரத்தில் பழைய விமான ஓடுதளத்துக்குப் போயிருக்க முடியாது. கொடிச்சிறகுப் பக்கி என்னும் இரவுப் பறவையைப் பார்த்திருக்கவும் முடியாது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பக்கிக்குச் சிறகொன்றுக்கு ஓர் இறகு நீண்டு வளரும். தண்டு மட்டும் மொட்டையாக நீண்டு, நுனியில் மட்டும் அகன்ற இறகுப் பரப்பு இருக்கும். மங்கிய வெளிச்சத்தில் தண்டு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஒரு பறவையை இரண்டு சிறு வௌவால்கள் துரத்திக்கொண்டு போவதுபோல் தோன்றும். பத்து நிமிடம் அப்படிச் சுற்றிவிட்டு, தரையில் எங்கோ இறங்கி மறைந்தது. ஆனால் பகல் ஜீப் சுற்று வேறு கதை. எஞ்சின் சத்தத்துக்கு மான்கள் விலகிவிடுகின்றன. பார்ப்பதெல்லாம் ஓடும் முதுகுகள். மேற்கூரையில் அமர்ந்து போவது இளைஞர்களுக்குப் பிடிக்கலாம். எனக்கு முதுகுவலிதான் மிச்சம்.

வழிப்பயணத்தில் நேர்ந்த ஒரு கசப்பையும் பதிவு செய்ய வேண்டும். அக்ராவிலிருந்து டமாலேக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். அங்கிருந்து சாலை வழியே ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். ஃபுஃபுல்சோவிலிருந்து பிரியும் சாலை முன்பு செம்மண் பாதை. இப்போது நல்ல தார்ச்சாலை. இந்தச் சாலைப் பயணத்துக்கும் பூங்காவுக்குள் சுற்றுவதற்கும் சேர்த்து நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி தருவதாகச் சொல்லி, பயண முகவர் ஒருவர் முழுத் தொகையையும் முன்பணமாக வாங்கிக்கொண்டார். டமாலே விமான நிலையத்துக்கு வந்து நின்றதோ தரையோடு தரையாகப் பதிந்த பழைய செடான். பூங்கா வாயிலைத் தாண்டியதும் உட்சாலைகளில் அது போகாது என்பதால், உள்ளே ஜீப்பைத் தனியாக வாடகைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பேசிப் பேசி மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. முகவரை நம்பாமல் டமாலேயில் இறங்கியபின் நேரில் வண்டியைப் பார்த்துப் பேசுங்கள். பாதிப் பணத்தைத் திரும்பி வந்தபின் கொடுங்கள்.

தங்குமிடம் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. குன்றின் மேலே நீர்நிலைகளைப் பார்த்தபடி தங்கும் வசதியிலிருந்து லாராபங்கா ஊரின் எளிய அறைகள் வரை பல தரத்தில் கிடைக்கின்றன. நாங்கள் எடுத்த அறையில் மின்சாரம் இரண்டு இரவு போய்ப் போய் வந்தது. நிழலிலேயே நாற்பது டிகிரியை நெருங்கும் பருவத்தில் மின்விசிறி நின்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சைவம் கேட்டால் சோறும் அவரைக் குழம்பும், வறுத்த வாழைப்பழமும் தருகிறார்கள். நிலக்கடலை அரைத்துவிட்ட குழம்பு காரசாரமாக இருந்தது, ஆனால் அதில் இறைச்சிச் சாறு சேர்க்காமல் செய்யும்படி முன்கூட்டியே சொல்ல வேண்டும். காலைச் சாப்பாட்டை வெளியில் வைத்துச் சாப்பிடாதீர்கள். இரண்டாம் நாள் ஒரு பபூன் சுவரேறி வந்து, என் தட்டை விட்டுவிட்டு, மேசை நடுவில் இருந்த ரொட்டிப் பொட்டலத்தை முழுதாகத் தூக்கிக்கொண்டு கூரைமேல் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டையும் முகர்ந்து பார்த்துத்தான் தின்றது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஜனவரி முதல் மார்ச் வரை வாருங்கள். உட்காட்டின் குட்டைகள் வற்றி, விலங்குகள் பெரிய நீர்நிலைகளுக்குக் கூடும் காலம் அது. சகாராவிலிருந்து புழுதி சுமந்து வரும் ஹார்மட்டான் காற்று ஜனவரியில் வானத்தை வெளிறச் செய்துவிடும் என்பதால், படம் எடுப்பவர்களுக்கு பிப்ரவரிக் கடைசியே நல்லது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கானாவுக்குள் நுழைய முடியாது. இந்தியா திரும்பும்போதும் அதைக் கேட்பார்கள், ஆகவே அட்டையைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதீர்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுப் புறப்படுமுன்பே தொடங்கிவிடுங்கள். காக்கி, சாம்பல், பழுப்பு நிற முழுக்கைச் சட்டைகள் போதும். பூட்ஸ் வாடகைக்குக் கிடைத்தாலும், தடித்த காலுறை இரண்டு இணை கையோடு கொண்டுபோங்கள். நான் மெல்லிய காலுறையோடு போய், மூன்றாம் நாள் குதிகாலில் கொப்புளத்துடன் நொண்டிக்கொண்டு நடந்தேன். என்னால் வரிசை முழுவதும் மெதுவாகப் போனதில்தான் அந்தத் தரை இருவாச்சி இணை கண்ணில் பட்டது என்று நண்பர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.